கடைசி வரியில் கட்டம் இல்லை

"கோச்கோர் போக வேண்டிய ஆளு மின்குஷ் வேன்ல ஏறிப் போயிட்டான்! போர்டுல ஊர்ப் பேரு இருக்க வேண்டிய இடத்துல கட்டம் கட்டமா நின்னா, அவன் என்ன ஜோசியமா பார்ப்பான்?"

மலைநகரமான நரினின் பேருந்து நிலையத்தில் வண்டிகளை அனுப்பி வைக்கும் அதிகாரி ஒமுர்ஸாக், தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்து இறங்கிய பெண்ணிடம் வாங்க என்றுகூடச் சொல்லாமல் கத்தினார். போர்டு அமைத்துக் கொடுத்த கம்பெனி அனுப்பிய பெண் அவள். பெயர் ஐஜமால்.

"கத்தினா எழுத்து வந்துடுமா, ஒமுர்ஸாக் பைகே? கொஞ்சம் நகருங்க, பார்க்கிறேன்." ஊர் வழக்கப்படி பெரியவரை அவள் 'பைகே', அதாவது அண்ணன் என்று அழைத்தாள்.

அவள் கணினியில் ஏதேதோ தட்டினாள். உள்ளே கறுப்புத் திரையில் ஊர்ப் பெயர்கள் ஒழுங்காகவே வந்தன. வெளியே பயணிகள் கூடத்தில் தொங்கும் போர்டில்தான் கட்டங்கள். பிஷ்கெக் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது.

"லினக்ஸ் மேல தப்பில்ல, ஒமுர்ஸாக் பைகே. அப்டேட் போட்டப்போ பழைய ஃபான்ட் போயிடுச்சு. போர்டு புரோகிராம் கைக்குக் கிடைச்ச வேற ஒண்ணைப் புடிச்சுக்கிச்சு. அதுல ரஷ்ய எழுத்தெல்லாம் இருக்கு, நம்ம மொழிக்குன்னு இருக்கிற மூணு எழுத்து இல்ல. இல்லாததுக்கெல்லாம் கட்டம் போடுது."

"அப்ப நல்ல ஃபான்ட்டைப் போட்டு விடேன்."

போட்டாள். புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட விட்டாள். வெளியே அதே கட்டங்கள். கூடத்தில் ஒருவர் சிரித்தார்.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்தார் ஒமுர்ஸாக்.

"ஃபான்ட் வந்து உக்காந்தாச்சு. இது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. அந்தக் காலத்துப் புரோகிராம், சொன்ன பேச்சு கேக்காது."

"என் வயசு இருக்கும்."

"குணமும் அதேதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தார். மேஜைமேல் இருந்த போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தார்.

"வந்ததுல இருந்து போனையே பார்க்கறீங்களே?" என்றாள்.

"என் பையன் பிஷ்கெக்ல ஒரு பொண்ணைக் கட்டிக்கிறேன்னு கேட்டிருக்கான். யோசிச்சு சொல்றேன்னாளாம். பதிலே காணோம். அவ பேரைக்கூட எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறான். அவ சரின்னு சொல்லட்டும், அப்புறம் சொல்றேங்கறான்." பெருமூச்சு விட்டார். "டிரைவர் பசங்க கிண்டல் வேற. கேட்டுட்டு என்னத்துக்குக் காத்துக்கிட்டு, கார்ல தூக்கிப் போட்டுட்டு வரச் சொல்லுங்கறானுங்க. பையன்கிட்ட, அப்படி எவளையாவது தூக்கிட்டு வந்தே, என் வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன்."

"அந்தப் பொண்ணுக்கு என்ன தயக்கமாம்?"

அவர் குரல் இறங்கியது. "நான்தாம்மா. அவன் கடைக்குட்டி. நம்ம வழக்கப்படி பொண்டாட்டியோட அப்பன் வீட்டுக்குத்தான் வந்தாகணும். மாமனார் முன்கோபின்னு ஊருக்கே தெரியும். அவ காதுலயும் விழுந்திருக்கும்."

"முன்கோபிதானே?"

"இல்லேன்னா சொன்னேன்? ஆனா அவ வேலைக்குப் போகட்டும், விருப்பப்பட்டதப் படிக்கட்டும். விடியறதுக்கு முன்னாடி எழுந்து எல்லாருக்கும் டீ ஊத்திக்கிட்டு நிக்க வேணாம். என் பொண்டாட்டி அப்படி நின்னு நின்னே ஓஞ்சு போய்ச் சேர்ந்துட்டா. இன்னொரு பொண்ணு அந்த மாதிரி ஓயறதைப் பார்க்க என்னால ஆகாது."

"இதை உங்க பையன் அவகிட்டச் சொல்லலையா?"

"சொல்லியிருப்பான். அவ நம்பணுமே! கல்யாணத்துக்கு முன்னாடி எந்தப் பையன்தான் அப்படிச் சொல்லல?" சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. "என்னால அவன் தனி மரமா நின்னுடுவானோன்னு பயமா இருக்கும்மா."

ஐஜமால் புரோகிராமின் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள். அங்கே போய்விட்ட ஃபான்ட்டின் பெயர் இருந்தது. அதை அழித்துப் புதியதன் பெயரைப் போட்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் அவர். "இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமே. இதுக்கா இத்தனை மலை ஏறி வந்தே?"

"சிலதை நேர்ல பார்த்தாத்தான் நம்ப முடியுது."

"சரி, வெளிய போய் போர்டை வாசி. நான் இங்க சரிபார்க்கிறேன்."

அவள் கூடத்துக்குப் போனாள். சின்ன ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. "கோச்கோர்... மின்குஷ்... பிஷ்கெக்..."

பயணிகள் கைதட்டினார்கள். ஒமுர்ஸாக்குக்கு உயிர் வந்தது. "கடைசி வரி? இன்னிக்கு ட்யூட்டியில யாருன்னு வருமே!"

சத்தமில்லை.

"என்னம்மா, அங்க இன்னும் கட்டமா?"

"கட்டம் இல்ல. பேரு பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப வாசியேன்!"

"இன்னிக்கு ட்யூட்டியில..." என்று நிறுத்தினாள்.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் பக்கத்தில் நின்ற டிரைவர். "ஒமுர்ஸாக்னு கொட்டை எழுத்துல இருக்கே!"

"நானும் என்னத்தைச் சொல்ல! வந்ததுல இருந்து வாய்க்கு வாய் என் பேரைச் சொன்னவளுக்கு, இப்ப என்ன வந்துச்சு?" என்று ஒமுர்ஸாக் ஜன்னலில் தலையை நீட்டினார்.

ஐஜமால் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

"இனிமே எப்படிச் சொல்றது? மாமனார் பேரை மருமக வாயால சொல்லலாமா? உங்க பையன் திலேக்குக்கு நீங்களே போன் பண்ணி, நான் சரின்னு சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க."