சுருதி எத்தனையாவது மாடியில்?

"என்ன லிஃப்ட்டு, உங்க சுருதி இன்னிக்கு எத்தனையாவது மாடியில நிக்குது?"

வயலின் மாஸ்டர் கேட்டதும் வகுப்பிலிருந்த ஏழு பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கும் லேசாகச் சிரித்துவைத்தார். நாற்பத்து நாலு வயது, முன்வழுக்கை, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் கறை நகக்கண்ணில். பிள்ளைகளுக்காக வாங்கிய குட்டை நாற்காலியில் முழங்காலை மடக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு மாசமா ஆளைக் காணோம். தொல்லை விட்டுதுன்னு நிம்மதியா இருந்தேன்."

"புது பில்டிங்ல வேலை சார். அதான் வர முடியல."

"அங்கயே இருந்திருக்கலாமே! லிஃப்ட்டுக்குக் காது கிடையாது."

மறுபடியும் சிரிப்பு. தான் பேசிப் பிள்ளைகள் சிரித்தால் மாஸ்டருக்குத் தலைகால் புரியாது.

எட்டு மாதத்துக்கு முன்பு, சேர வந்த அன்றைக்கே இது தொடங்கிவிட்டது. "இந்த வயசுல என்ன திடீர்னு வயலின்?" என்று மாஸ்டர் கேட்டார். "வீட்டுல ஒண்ணு சும்மா கெடந்துச்சு சார்" என்றார் மெக்கானிக். "எங்க வீட்டுலகூட ஏணி ஒண்ணு சும்மா கெடக்குது. அதுக்காக நான் லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிட்டேனா?" அன்றிலிருந்து அவர் பெயர் லிஃப்ட்டு.

வாரம் இரண்டு நாள் வகுப்பு, இரண்டு நாளும் அர்ச்சனை. ஸ்பானர் பிடித்த கை என்பார். கதவுக் கீல் கத்துகிறது, எண்ணெய் போடுங்கள் என்பார். "எப்படி வாசிக்கக் கூடாதுன்னு நல்லாப் பாத்துக்குங்க" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

மெக்கானிக் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. திட்டு விழும்போது மட்டும் மாஸ்டரின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். சரியான மரமண்டை என்று மாஸ்டர் முடிவு கட்டியிருந்தார்.

மரமண்டைக்குள் நடந்தது வேறு. சேர்ந்த இரண்டாம் மாதம், ஒருநாள் காலையில் வீட்டில் வாசித்தபோது, வில் முதல்முறையாகத் தந்தியில் ஒழுங்காகப் படிந்தது. பிசிறில்லாமல் ஒரே ஒரு நீள ஒலி. அது தாடை எலும்பு வழியாக இறங்கி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மதியம் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில் லிஃப்ட் மோட்டாருக்கு மூடியை மாட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மோட்டார் அதே ஸ்வரத்தில் முனகிக்கொண்டிருந்தது. எங்கே பழுது என்று கண்டுபிடிக்க இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்கிறார். சும்மா கேட்பதற்காகக் கேட்டது அன்றைக்குத்தான். கீழே இருந்து மூன்று தடவை போன் வந்த பிறகே நகர்ந்தார்.

அதற்கப்புறம் பைத்தியம்தான். சாப்பாட்டு இடைவேளையில் பென்சிலை வில்லாகப் பிடித்துப் பழகினார். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், திரும்பி வந்ததும் ஒரு மணி நேரம் வாசித்தார்.

"சரி, ஆரம்பிங்க. பிள்ளைங்களா, காதைப் பொத்திக்குங்க!" என்றார் மாஸ்டர்.

இரண்டு பேர் நிஜமாகவே பொத்திக்கொண்டார்கள். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பெரிய உருப்படி ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் சொல்லித் தருகிற சின்ன மெட்டுதான். ஆனால் ஒரு ஸ்வரம்கூட நழுவவில்லை. காதைப் பொத்தியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுதாரித்துக்கொள்ள அவருக்கு அவ்வளவு நேரம் போதும்.

"பாத்தீங்களா பிள்ளைங்களா? இவருக்கே வருதுன்னா, சொல்லிக் குடுத்த கை யாரு கை! ஆண்டு விழாவுல உங்களை மேடையேத்தப் போறேன் லிஃப்ட்டு."

"வேணாம் சார். இன்னியோட நின்னுக்கறேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"ஓஹோ! என்னைவிடப் பெரிய வாத்தியார் கெடைச்சுட்டாரோ?"

"என் பொண்ணு சார். பத்தாவது படிக்கறா. போன மாசம், நான் வாசிக்கறதைச் சகிக்க முடியாம ரூமை விட்டு வெளிய வந்து வில்லைப் பிடுங்கிக்கிட்டா. இப்ப தினமும் அவதான் சொல்லித் தர்றா."

"பத்தாவது படிக்கிற பொண்ணு!" மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "அவளுக்கு எந்த மேதாவி சொல்லிக் குடுத்தானாம்?"

"நீங்கதான் சார். ரெண்டு வருஷம் இங்கதான் படிச்சா."

மாஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். "நினைப்பில்லையே."

"இருக்காது சார். ஒருநாள் அழுதுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. என்னம்மா ஆச்சுன்னு எவ்வளவு கேட்டும் வாயே தொறக்கல. மூணு வருஷம் வயலினைத் தொடவே இல்ல."

மெக்கானிக் வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"இந்த வயசுல இது இப்படிப் பிடிச்சுப்போகும்னு நான் கனவுலகூட நெனைக்கல சார்" என்றார்.

பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினார்.

"அவளை என்ன சொல்லி அழ வெச்சீங்கன்னு என் காதால கேட்டுட்டுப் போகத்தான் சேந்தேன்."