பராக்கிரமன் காவலுக்கு நின்ற நாள்

மாமரத்துத் தேன்கூட்டின் வாசலில் காவல் நின்றவள் செங்கமலம். ஒருநாள் காலை பராக்கிரமன் அங்கே வந்தான். ஆண் தேனீ, நல்ல வாட்டசாட்டமான உடம்பு. பசித்தால் வாயைத் திறப்பான், தங்கச்சிமார் ஊட்டிவிடுவார்கள்.

"காவல் ஆம்பளை வேலை. பொம்பளைக்கு இளகின மனசு. எதிரி உன்னைப் பிடிச்சுக்கிட்டுப் போனா கூட்டுக்குத்தானே அவமானம்? இனி நான் நிக்கிறேன். நீ போய்க் குழந்தைங்களைப் பாரு" என்றான், வாயோரம் தேன் வழிய.

செங்கமலத்துக்குச் சுருக்கென்றது. இந்த வாரத்தில் மட்டும் இரண்டு குளவிகளை விரட்டியவள் அவள். ஆனாலும், ஊட்டி வளர்த்த உடம்போடு யார் வாதாடுவது? "நில்லுங்க அண்ணா" என்று ஒதுங்கினாள். தூரமாய்ப் போகவில்லை. உள்ளே இருநூறு குழந்தைகள் இருந்தன.

வெயில் ஏறியதும் குளவி வந்தது. பராக்கிரமன் நெஞ்சை நிமிர்த்தி உறுமினான். குளவி நிற்கவில்லை. அவன் சட்டென்று திரும்பி, கொட்டுவதாக நினைத்துக்கொண்டு பின்புறத்தால் அதை இடித்தான். இரண்டாவது தடவை இடித்தபோது குளவி சிரித்தேவிட்டது.

ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது என்பது கூட்டில் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பாவம், மனசு நோகுமே என்று யாரும் சொன்னதில்லை.

செங்கமலம் அவன் தலைக்கு மேல் தாவி ஒரே கொட்டு கொட்டினாள். குளவி சுருண்டு விழுந்தது.

பராக்கிரமன் பின்புறத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு, குளித்துவிட்டுத் துண்டு தேடுகிறவன் மாதிரி உள்ளே பார்த்துக் கத்தினான்:

"என் கொடுக்கை எங்கடி வெச்சுத் தொலைச்சீங்க?"