அண்ணன் கொடுத்த டப்பா

மாத்திரையால் தவமணியின் ரத்தத்தில் எச்.ஐ.வி. அடங்கிவிட்டது, எதிர்ப்புச் சக்திதான் ஏறவில்லை. குடலிலிருந்த நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். நோயில்லாத ஒருவரின் மலத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, கேப்ஸ்யூலில் அடைத்து விழுங்கத் தருகிற ஆராய்ச்சி ஒன்றில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். மலம் கொடுக்க, எல்லாச் சோதனையிலும் தேறியவர் அண்ணன் ஜெயக்கொடிதான்.

தம்பிக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு என்று ஒதுக்கிவைத்தவரும் அவர்தான். தவமணி வண்டிச் சாவியை நீட்டினால்கூட வாங்கிக்கொண்டு நேரே கை கழுவப் போவார்.

ஆஸ்பத்திரிக் கழிவறையிலிருந்து அண்ணன் வெளியே வர வெகுநேரமானது. நர்ஸ் கொடுத்த டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். தவமணி கையை நீட்டினான்.

“கொடுண்ணே.”

“சீ, நீ தொடாதடா. அசிங்கம்.”

“எனக்குத்தானண்ணே.”

டப்பா இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தவமணி அதை இரண்டு கையாலும் வாங்கி நர்ஸின் மேசையில் வைத்துவிட்டு, நேரே கை கழுவப் போனான். அண்ணனும் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி பின்னாலேயே வந்தார். அங்கே ஒரே ஒரு சோப்புதான் இருந்தது. தவமணி விரலிடுக்கெல்லாம் நிதானமாகத் தேய்த்துக் கழுவினான். பிறகு நுரையோடு அந்தச் சோப்பை அண்ணனிடம் நீட்டினான்.

“இந்தாண்ணே.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் கை இன்னும் வேட்டியைத்தான் பிடித்திருந்தது.