மண்ணெண்ணெய் ஊத்துன ஆச்சி

இன்னும் கொஞ்சம் இங்குட்டு நகர்ந்து உக்காருங்க. காரைக்குடியில இன்னைக்கும் மெதுவாத்தான் பேசுற விசயம் இது.

காசிவிஸ்வநாதன் செட்டியார் பர்மாவுல எல்லாத்தையும் விட்டுட்டு வந்து மூணு வருசம். அங்கே எண்ணெய்க் கிணத்துப் பக்கம் இருந்த மனுசன். வந்ததுலேருந்து பின்கட்டுல ஒரே சோதனை.

தார் மாதிரி கெட்டியான கச்சா எண்ணெயை இரும்புக் கலத்துல ஊத்துவாக. ஒரு உலோகச் சீவலைப் போட்டு மூடி, பழைய ரைஸ்மில் பாய்லர்லேருந்து நீராவியை உள்ளே விடுவாக. எண்ணெய் இளகி ஓடும். ஆறுனாலும் திரும்பக் கெட்டியாகாது. சீவல் மட்டும் தேயாம, கரையாம அடியில அப்படியே கெடக்கும்.

என்ன உலோகம்னு அவுகளுக்கும் பொண்டாட்டி தேனம்மைக்கும்தான் தெரியும். "ஒப்பந்தம் போட்டாத்தான் பேரைச் சொல்லுவேன்"னு இருந்தாக.

அன்னைக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர் பாக்க வந்தார். இது கைகூடலைன்னா வீட்டுத் தேக்குத் தூணைப் பேத்து வித்துத்தான் சாப்பிடணும்.

சோதனை முடிஞ்சுது. ஆறுன எண்ணெயை எஞ்சினியர் கரண்டியில மோந்து சாய்ச்சார். நல்லெண்ணெய் மாதிரி ஓடுச்சு. செட்டியார் சீவலைக் கழுவித் தாம்பாளத்துல கொட்டிக் காமிச்சாக.

பங்காளி ஏகப்பன்கூட வாயடைச்சு நின்னாரு. மூணு வருசமா, "நம்ம பங்காளி கரியைக் கொதிக்கவச்சு வைரம் எடுக்காரு"ன்னு ஊரெல்லாம் சொன்னவரு அவரு.

செட்டியார் ஏகப்பனையும் கூட்டிக்கிட்டு இலை போடச் சொல்ல உள்ளே போனாக. பின்கட்டுல நின்ன எஞ்சினியரைத் தேனம்மை போய்க் கூப்பிட்டாக.

மண்டி, கோலா உருண்டை, பாயாசம். தேனம்மை பரிமாறுனாக. எஞ்சினியர் மோர்ச்சோறு முடிச்சு எந்திரிக்கிற நேரம், பாத்திரத்தைக் கீழே வச்சாக.

"ஐயா, ஒரு வார்த்தை. அந்தக் கலத்துல மண்ணெண்ணெய் ஊத்துனது நான்தான். எண்ணெய் இளகுனது அதாலதான், சீவலால இல்லை."

செட்டியார் கையில இருந்த தம்ளர் நழுவிருச்சு.

"தேனு, என்ன சொல்றே?"

"வருசக்கணக்காத் தோத்துக்கிட்டே இருந்தீக. பாக்கச் சகிக்கலை. ஊத்திட்டேன்."

ஏகப்பனுக்கு வாய் திறந்துக்கிச்சு. "பொண்டாட்டி வாயால கெட்ட ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

எஞ்சினியர் கை கழுவுனார். "எனக்கு அப்பவே மண்ணெண்ணெய் வாடை அடிச்சுது. மரியாதைக்காகச் சொல்லலை" அப்படின்னார். வாசல்ல நின்னு கைக்குட்டையை ஒரு உதறு உதறிட்டுக் கார்ல ஏறிட்டார்.

பின்னாலேயே ஏகப்பனும் கெளம்பிட்டாரு. ஊருக்குச் சொல்ற அவசரம் அவருக்கு.

செட்டியார் தூணோரம் அப்படியே உக்காந்துட்டாக.

"எனக்குத் தெரியாம எப்பத்தான் ஊத்துனே?"

"விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லை. கலத்துக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

"பெறகு?"

"நீங்க உள்ளே போனீகள்ல, சாப்பிடக் கூப்பிடலாம்னு வந்தேன். எஞ்சினியர் தாம்பாளத்துலேருந்து ஒரு கை சீவலை அள்ளிக் கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டிருந்தாரு. மெட்ராஸ் போய் அது என்ன உலோகம்னு சோதிச்சுப் பாத்துட்டா, ஒப்பந்தம் என்னத்துக்கு, நாம என்னத்துக்கு?"

"அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?"

"நம்ம வீட்டு இலையில உக்கார வந்தவரை எப்படிக் கள்ளன்னு சொல்றது? அதான் நான் மோசக்காரி ஆயிட்டேன்."

செட்டியார் நிமுந்து பாக்கையில தேனம்மை அங்கே இல்லை. வாசல்ல குத்தவச்சு, சாக்கடையோரம் எஞ்சினியர் உதறிட்டுப் போன சீவலை முறத்துல பொறுக்கிக்கிட்டிருந்தாக.