உயிரோடு இருப்பதாக ஐந்து ஓட்டு

“உயிரோட இருக்கிறவங்க பேரைச் செத்தவங்க பட்டியல்ல எப்படிச் சேர்க்கிறது? நீங்களே சொல்லுங்க, கித்லாம்மா!”

சங்கச் செயலாளர் இசிடோரோ கெஞ்சினார். புவெனஸ் அயர்ஸ் நகரின் அந்த யூதர் சங்கத்தில், நாஜி முகாம்களில் மாண்டவர்களின் பெயர்களை வாசிக்கும் வருடாந்திர நிகழ்ச்சி தொடங்க இன்னும் பத்து நிமிடங்களே இருந்தன. மண்டபம் நிறைந்துவிட்டது.

எண்பத்தேழு வயதுக் கித்லா, கைப்பையை மடியில் நேராக நிறுத்தி, செயலாளரின் மேசைக்கு எதிரே அசையாமல் அமர்ந்திருந்தார்.

“எழுதிக்கப்பா. கித்லா வைன்ஷ்டோக். அப்பா பேர் ஸெலிக். ஊர் ராதோம். செத்தப்போ வயசு பதினேழு.”

“பதினேழா! போன வாரந்தானே எண்பத்தேழுக்குக் கேக் வெட்டினோம்? மூணு துண்டு சாப்பிட்டீங்க. செத்தவங்க மூணு துண்டா சாப்பிடுவாங்க?”

“அதுல சர்க்கரை கம்மி. எழுது.”

பதினோரு ஆண்டுகளாக இதே வழக்கு.

“போன மாசம் கமிட்டியில ஓட்டெடுப்பே நடத்தியாச்சு. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அஞ்சு ஓட்டு, இல்லேன்னு ரெண்டு. தீர்மானம் நிறைவேறிடுச்சு.”

“இல்லேன்னு போட்டது யாரு?”

“ஒண்ணு நீங்க. இன்னொண்ணு என் மாமியார். அவங்களுக்கு உங்க மேல பழைய கோபம்.”

இசிடோரோ இழுப்பறையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். முகாமிலிருந்து மீண்ட கதையைக் கித்லா எழுதிய நூல், மூன்றாம் பதிப்பு.

“முதல் வரியைக் கேளுங்க. ‘என் பெயர் கித்லா வைன்ஷ்டோக்; நான் பிழைத்துவிட்டேன்.’ இதைப் பள்ளிக்கூடத்துல பாடமா வெச்சிருக்காங்க. நான் மேடையேறி நீங்க செத்துட்டீங்கன்னு வாசிச்சா, பிள்ளைங்க எதை நம்பும்?”

“பிள்ளைங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ எழுது.”

“மாட்டேன்!”

மண்டபத்தில் முதல் மெழுகுவத்தி ஏற்றப்பட்டது. கித்லாவின் குரல் முதன்முறையாகத் தழைந்தது.

“இசிடோரோ, டாக்டர் கையை விரிச்சுட்டார். அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன்.”

கண்ணேறு கழிய மும்முறை துப்புவதுபோல் செய்த இசிடோரோவின் முகம், அவரையும் மீறி மலர்ந்தது.

“அப்போ சிக்கலே இல்லியே! நூத்தியிருபது வயசு வரைக்கும் இருங்க. ஒருவேளை போயிட்டீங்கன்னா, அடுத்த வருஷம் முதல் பேரே உங்க பேருதான். சத்தியம்!”

“அடுத்த வருஷம் போகப்போறவ வேற ஆளு” என்றார் மூதாட்டி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. “கித்லா அன்னைக்கே முகாம்ல போயிட்டா. எனக்குப் பக்கத்துப் படுக்கையில, காய்ச்சல்ல. கொல்லக் கொண்டுபோற பட்டியல்ல என் பேரு இருந்துச்சு. அவ நம்பர் தைச்ச சட்டையை மாட்டிக்கிட்டு வரிசையில நின்னேன். கித்லான்னு கூப்பிட்டப்போ ‘இருக்கேன்’னு சொன்னேன். எழுபது வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

இசிடோரோ பட்டியலைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

“பட்டியல் நீளுதேன்னு யோசிக்காதே” என்றார் அவர். “வருஷா வருஷம் பேஸ்யா லெர்மன்னு ஒரு பேரை வாசிக்கிறியே, அதை அடிச்சுட்டுக் கித்லாவை எழுது, பேஸ்யா உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கா.”