செர்ரிச் சிவப்பு ரேடியேட்டர்

"நல்லாப் பாத்துக்கோ கெழவி. முள்ளு அசையுதா? அசையவே அசையாது" என்றார் என் வீட்டுக்காரர் எலோய்.

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நூற்றெண்பதில் நின்றது. நல்ல பிள்ளையாகத்தான் நின்றது.

நடந்து போகிற ஆட்கள் எங்கள் வண்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் எஸ்பன்யோலாவின் பெரிய தெருவில் இப்படித்தான் போக வேண்டும். வேகமாகப் போனால் யார் பார்ப்பார்கள்?

ஜூலை மாதத்து ஞாயிறு, பகல் இரண்டு மணி, தொண்ணூற்றெட்டு டிகிரி வெயில். எங்களுக்குப் பின்னால் நாற்பது பழைய வண்டிகள், வயிறு தரையில் உரசுகிற மாதிரி தாழ்ந்து, கண்ணைக் கூசவைக்கும் பளபளப்போடு வந்தன. ஊர்வலத்தில் முதல் வண்டியாகப் போகிற இடம் எலோய்க்கு இந்த வருஷம்தான் கிடைத்தது. அதற்காகப் பதினெட்டு வருஷம் காத்திருந்தார்.

இதற்கு முன் நான் இந்த வண்டியில் ஏறி மூன்று வருஷம் ஆகிறது. "இனிமே இதுல ஏறினா என் பேரு கொரீனா இல்ல" என்று நடுத்தெருவில் இறங்கி, வீட்டுக்கு நடந்தே போனவள் நான்.

என்னை மறுபடி ஏற்றுவதற்காக மனுஷன் குளிர்காலம் முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். பழைய ரேடியேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு அகலமான அலுமினிய ரேடியேட்டர் வாங்கினார். அதன் முதுகில் இரண்டு மின்விசிறிகள். புது வாட்டர் பம்ப். நான் என் கண்ணாலேயே பார்த்து நம்ப வேண்டும் என்று, என் முழங்காலுக்கு நேராகச் சூடு காட்டும் மீட்டரையும் பொருத்திவிட்டார்.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். போன ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தார். "ஊர்வலத்துல ரோசிட்டா ஒரு சொட்டு கொதிச்சாலும் வித்துடறேன். வித்து, கொரீனாவுக்குப் புதுச் சமையலறை கட்டித் தரேன். மாதா மேல ஆணை!"

ரோசிட்டா என்பது இந்த வண்டி. முப்பத்தொரு வருஷமாக என் சக்களத்தி.

என் சமையலறையில் அலமாரிக் கதவு ஒன்று கழன்றுபோய், கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன்.

ரேடியேட்டரை விற்றவர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: அப்படியே மாட்டுங்கள், பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள். யாரிடம் போய்ச் சொல்கிறார்! எங்கள் ஆட்களுக்குக் கண்ணில் படுகிற எதையும் வெறும் உலோகமாக விட்டால் அம்மணமாக விட்ட மாதிரி. முன்பக்கக் கம்பிகளின் வழியாக அது வேறு வெளியே தெரியும். எலோயின் கூட்டாளி ஃபெர்மின்தான் ஊரில் எல்லா வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பவர். செர்ரிச் சிவப்பில் ஏழு பூச்சு அடித்து, நடுவில் ரோஜாப்பூ வரைந்து, மேலே வார்னிஷும் போட்டுக் கொடுத்தார். அழகில் குறை சொல்ல முடியாது. பாதிரியாரே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வங்கியைத் தாண்டும்போது முள் நூற்றுத் தொண்ணூற்றைந்தில் இருந்தது.

எலோய் கவனிக்கவில்லை. ஒரு கை ஸ்டீயரிங்கில், இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே. ஊரில் பாதிப் பேருக்குக் கையாட்டி முடித்திருந்தார்.

இருநூற்றுப் பத்து. காற்று போய் வருகிற சந்தெல்லாம் ஏழு பூச்சில் அடைத்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இருநூற்று இருபது.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இன்னும் நாலு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஆவி கிளம்பும், நாற்பது வண்டியும் நிற்கும், சத்தியம் சத்தியம்தான். வெள்ளை அலமாரி, பெரிய பாத்திரமும் முங்குகிற மாதிரி தொட்டி, ஜன்னல் ஓரமாக நீள மேடை. டைல்ஸ் நிறத்தைக்கூட முடிவு செய்துவிட்டேன்.

தெரியாத்தனமாக எலோய் பக்கம் திரும்பிப் பார்த்துத் தொலைத்தேன்.

நடைபாதையில் யாரோ தூக்கி வைத்திருந்த கைக்குழந்தைக்குத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. எங்கள் மகள் பிறந்த அன்றைக்கு அந்த முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்தது. இந்தப் பாவி மனுஷன்மேல் எனக்கு அந்த நேரம் பார்த்து அப்படி ஒரு ஆசை வந்தது.

இருநூற்று முப்பது.

கையை நீட்டி, டாஷ்போர்டில் ஹீட்டர் லீவரைக் கடைசிவரை தள்ளினேன்.

பழைய வண்டி கொதிக்கத் தொடங்கினால் அதற்கு இது ஒன்றுதான் கைவைத்தியம். இன்ஜினின் சூட்டை வண்டிக்குள் இழுத்துவிடும். இழுத்து, பக்கத்து சீட்டில் இருப்பவள் காலில் கொட்டும். இருபத்தெட்டு கோடை என் கால் அப்படித்தான் வெந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நான் நடுத்தெருவில் இறங்கிப் போனதும் அதனால்தான்.

எலோய் சட்டென்று திரும்பினார். "ஏய், என்ன பண்ற நீ? அதை ஏன் போட்ட?"

"எனக்குக் குளிருதுய்யா."

ஒரு நொடி என்னையே பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனுஷன் நம்பிவிட்டார். நெஞ்சு விரிய மூச்சை இழுத்து, ஜன்னல் வழியே உடம்பை இடுப்புவரை வெளியே நீட்டி, பின் வண்டியில் வந்த ஃபெர்மினைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் ஃபெர்மின், கேட்டியாடா? இந்த வெயில்ல என் பொண்டாட்டிக்குக் குளிருதாம்டா! ரேடியேட்டர்னா இதுடா!"

நடைபாதையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முள் மெல்ல இறங்கத் தொடங்கியது.

எலோய் சீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சளி பிடித்துவிடக் கூடாதே என்று, பொத்தானை அழுத்தி, என் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக ஏற்றிவிட்டார்.