ஏழாவது சுவிட்ச்

மச்சினன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்து மேசைமேல் கிடத்தியதும், ஈயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ரேடியோ, மிக்ஸி எது செத்தாலும் ஈயம் பற்றவைத்து எழுப்பிவிடுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

கிட்டார் கடையிலிருந்து வந்தபோது அதற்கு நாலு கம்பி, இரண்டு திருகு. இப்போது ஐந்து கம்பி, ஏழு சுவிட்ச், வாஷிங் மெஷினில் கழற்றிய குமிழ் ஒன்று, சைக்கிள் விளக்கு ஒன்று. மூன்றாவது சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். ஆறாவதைப் போட்டால் பக்கத்து வீட்டு டிவி அணையும். ஐந்தாவது எதற்கென்று மச்சினனுக்கே மறந்துவிட்டது.

"ஏழாவது போச்சு மாமா. அதுதான் இதுக்கு உயிரே."

போன வாரக் கச்சேரியில் ஏழாவதைப் போட்டும் வேலை செய்யவில்லையாம். கிட்டாரிலிருந்து வந்த சத்தத்தில், மேடைக்குப் பின்னால் லாரி ஏதோ மாட்டிக்கொண்டது என்று முன்வரிசையில் நாலு பேர் தள்ளிவிட ஓடினார்களாம். இன்று சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் நீயும் வேண்டாம், உன் வேனும் வேண்டாம், டிரம்ஸைத் தலையில் சுமந்தே போய்க்கொள்கிறோம் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். அந்தக் குழுவை விட்டால் மச்சினனுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஈயம் சால்டரிங் அயர்னைச் சூடேற வைத்தார்.

எட்டு வருஷத்துக்கு முன் இதே தலைவர்தான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஈயத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். மறுநாளே ஈயம் ஏழாவது சுவிட்சை மாட்டிக் கொடுத்தார். "மேடை ஏறினதும் இதைப் போடு மாப்ள. சத்தம் ஆழத்துல போய் உக்காந்துக்கும்."

உட்கார்ந்துகொண்டது. ஒருவர் காதுக்கும் எட்டாத ஆழம். அது சத்தத்தையே அடைக்கிற சுவிட்ச்.

எட்டு வருஷமாக மச்சினன் கண்ணை மூடி, தலையை ஆட்டி, வியர்க்க விறுவிறுக்க வாசித்தது எதுவும் மேடைக் கொசுவுக்குக்கூடக் கேட்டதில்லை. குழுவுக்குப் பெயர் வந்ததும் அதற்கப்புறம்தான்.

"நீ போய் டீ குடிச்சிட்டு வா."

மச்சினன் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வேறு வழியில்லை. குட்டு உடைந்தால் இவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் வீட்டுக்குப் போய் இவன் அக்கா முகத்தையும் பார்க்க வேண்டும். ஈயம் பின்மூடியைக் கழற்றினார்.

சுவிட்சுக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் போகும் மஞ்சள் வயர்தான் துண்டாகியிருந்தது. தானாக அறுந்ததல்ல. நகவெட்டி கடித்த, பிறை மாதிரி வெட்டு.

நிமிர்ந்தார். மச்சினன் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பலேர்ந்துடா தெரியும்?"

"நீங்க மாட்டின அன்னிக்கே."

ஈயத்தின் கையில் சால்டரிங் அயர்ன் சும்மா புகைந்துகொண்டிருந்தது.

"போன வாரம் என் பொண்ணு முதல்தடவையா கச்சேரிக்கு வர்றேன்னா மாமா. அதுல உங்க சத்தம் எதுப்பான்னு கேட்டா."

"கேட்டுட்டு என்ன சொன்னா?"

மச்சினன் மஞ்சள் வயரின் இரண்டு முனையையும் தானே சேர்த்துப் பிடித்து நீட்டினான்.

"மாமாகிட்ட உடனே கொண்டுபோய்க் குடுங்கப்பான்னா."